ஆழ்வார் கொடுத்த ஏட்டுச் சுவடி!

மேலப்பாளையத்தில் என் பெரியம்மா வீடு. பாளையங்கால்வாயை ஒட்டிய தெரு. வெள்ளையடிப்பதற்காக வீட்டை ஒழித்தபோது, பரணிலிருந்து ஒரு கட்டு இறங்கியது. வெளியே சாயம் போன சிவப்புத் துணி. உள்ளே இரண்டு மரச்சட்டங்கள். நடுவே பழுப்பேறிய பனை ஓலைகள்!

தாத்தா காலத்துச் சுவடி அது. என்ன எழுதியிருக்கிறது என்று வீட்டில் யாருக்கும் தெரியாது. ஆச்சி இருந்தவரைக்கும் சரஸ்வதி பூஜையன்று அதைக் கொலுப்பலகையில் வைத்து, சந்தனமும் குங்குமமும் இட்டுக் கும்பிட்டது மட்டும் பெரியம்மாவுக்கு ஞாபகம் இருக்கிறது.

செல்லரித்த பொருள் வீட்டில் இருக்கக் கூடாது. கலைமகள் அம்சமாயிற்றே, குப்பையிலும் போடக் கூடாது. ஆடிப் பதினெட்டு அன்று மஞ்சள் குங்குமம் வைத்துத் தாமிரபரணியில் விட்டுவிடலாம் என்று முடிவு செய்திருந்தார் பெரியம்மா. புண்ணிய நதி... பாவமும் சேராது என்பது அவர் எண்ணம்.

எனக்குப் பகீரென்றது. ஏனென்றால், இதே நெல்லைச் சீமையில், இதே ஆடிப் பதினெட்டில், இதே பக்தியோடு ஆற்றில் விடப்பட்ட ஏடுகளுக்காகக் கண்ணீர் விட்ட ஒரு மகானின் கதை எனக்குத் தெரியும். அவர்தான் தமிழ்த் தாத்தா என்று நாம் கொண்டாடும் மகாமகோபாத்தியாய டாக்டர் உ.வே.சாமிநாதையர். பெரியம்மாவை உட்கார வைத்து நான் சொன்ன அந்தக் கதையை உங்களுக்கும் சொல்கிறேன்.

சாமா என்ற சிறுவன்

தஞ்சை மாவட்டத்தில் பாபநாசத்துக்கு அருகே உத்தமதானபுரம் என்று ஓர் அழகிய கிராமம். அந்த ஊர் வேங்கடசுப்பையருக்கும் சரசுவதி அம்மாளுக்கும் 1855-ம் ஆண்டு பிப்ரவரி 19-ந் தேதி பிறந்த குழந்தைக்கு வேங்கடராமன் என்று பெயர். வீட்டில் செல்லமாகச் சாமா!

தந்தை சங்கீத வித்வான். பிள்ளையும் சங்கீதத்தில் பெயரெடுக்க வேண்டும் என்பது அவர் ஆசை. ஆனால் சாமாவின் மனமோ தமிழில் ஒட்டிக்கொண்டது. வருமானமோ சொற்பம். மகனுக்குத் தமிழ் சொல்லித் தருபவர் எங்கே இருந்தாலும் அந்த ஊருக்கே குடும்பத்தைப் பெயர்த்துக்கொண்டு போனார் அந்தத் தந்தை. இப்படியும் ஒரு தகப்பனார்!

கடைசியில், அந்நாளில் தமிழ்க் கடல் என்று போற்றப்பட்ட மகாவித்வான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் மாயூரத்தில் வந்து சேர்ந்தார் சாமா. சாமிநாதன் என்று பெயரை மாற்றியவர் அந்தக் குருநாதர்தான். திருவாவடுதுறை ஆதீனத்தில் குருவோடு தங்கிப் படித்தார் சாமிநாதன். ஆதீனகர்த்தர் சுப்பிரமணிய தேசிகரின் அன்பும் கிடைத்தது. 1876-ல் மகாவித்வான் சிவபதம் அடையும் வரை நிழல் போலக் கூடவே இருந்தார்.

1880-ல் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியர் வேலை கிடைத்தது. கல்யாணமாகி, குடும்பம் நிலைத்து, பெற்றவர்களுக்கும் நிம்மதி வந்தது. இனி என்ன குறை?

ஒரே ஒரு கேள்வி!

குறையைச் சுட்டிக்காட்ட ஒருவர் வந்தார். சேலம் இராமசாமி முதலியார். கும்பகோணத்துக்கு முன்சீபாக வந்தவர். புது ஆசிரியர் மரியாதைக்காக அவரைப் பார்க்கப் போனார். என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று கேட்டார் முன்சீப். அந்தாதிகள், பிள்ளைத்தமிழ்கள், கோவைகள், புராணங்கள் என்று பட்டியலை அடுக்கினார் ஐயர். முதலியார் முகத்தில் வியப்பே இல்லை! இவையெல்லாம் சரி, இவற்றுக்கெல்லாம் மூலமான பழைய நூல்களைப் படித்ததுண்டா, சீவக சிந்தாமணியைப் படித்ததுண்டா என்று கேட்டார்.

படித்ததில்லை. ஏட்டைக் கண்ணால் பார்த்ததுகூட இல்லை.

முதலியாரே ஒரு பிரதியைக் கொடுத்தார். திருநீறு அணிந்த சைவக் குடும்பத்தவர், ஒரு ஜைன காவியத்தைப் படிக்க உட்கார்ந்தார். பல இடங்கள் புரியவில்லை. கும்பகோணத்து ஜைனர்களின் வீடு தேடிப் போய்க் கேட்டார். ஒரு ஜைன அன்பரின் வீட்டு வாசலில் மாவிலைத் தோரணம் கட்டியிருந்தது. என்ன விசேஷம் என்று விசாரித்தால், சிந்தாமணி பாராயணம் அன்று பூர்த்தியாகிறதாம்! நாம் சுந்தரகாண்டம் பாராயணம் முடித்துப் பாயசம் நிவேதனம் செய்வது போல, அவர்கள் அந்த நூலைப் பூஜித்து வந்திருக்கிறார்கள். அவர்களிடம் பாடம் கேட்டு, பல ஊர் ஏடுகளை ஒப்பிட்டு, 1887-ல் சிந்தாமணியை அச்சிட்டு வெளியிட்டார் ஐயர். அன்று தொடங்கிய வேள்வி, அவர் ஆயுள் முழுக்க அணையவே இல்லை.

ஏட்டைத் தொடுவதே ஒரு நியமம்

ஏடு படிப்பது என்றால் இப்போது நாம் புத்தகம் புரட்டுவது போலவா? பெருமாளுக்குத் திருமஞ்சனம் செய்யும் அர்ச்சகருக்கு எவ்வளவு பதமான கை வேண்டுமோ, அவ்வளவு பதம் வேண்டும்!

ஓலைகளில் துளையிட்டுக் கயிறு கோத்திருப்பார்கள். கயிற்று நுனியில் உருவிவிடாமலிருக்கச் செருகும் ஓலைத் துண்டுக்குக் கிளிமூக்கு என்று பெயர். அவசரப்பட்டுக் கயிற்றை இழுத்தால், துளையோடு சேர்ந்து ஓலையும் கிழியும். இராமபாணப் பூச்சி துளைத்த ஓலை, விரல் பட்டாலே பொடியாகும். ஒட்டிக்கொண்ட இரண்டு ஓலைகளை நகத்தால் பிரித்தால், எழுத்து ஒன்றோடு ஒன்றாகப் பெயர்ந்துவிடும்.

எழுத்தாணியால் கீறிய எழுத்துக்கு மை கிடையாது. விளக்குக் கரியைப் பச்சிலைச் சாற்றில் குழைத்துத் தடவித் துடைத்தால்தான் கீறலில் கரி தங்கி, எழுத்து கண்ணுக்குத் தெரியும். பூச்சி அண்டாமலிருக்க மஞ்சளும் வசம்பும் அரைத்துப் பூசுவதும் உண்டு.

எழுத்து தெரிந்துவிட்டால் போதுமா? ஏட்டில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இருக்காது. குற்றெழுத்துக்கும் நெட்டெழுத்துக்கும் கொம்பில் வித்தியாசம் இருக்காது. துணைக்காலும் ரகரமும் ஒரே உருவம்! எங்கே ஓர் அடி முடிகிறது, எங்கே உரை தொடங்குகிறது என்பதும் தெரியாது. எல்லாம் ஒரே ஓட்டமாக ஓடும். ஒருவர் படிக்க, ஒருவர் எழுத, வேறு பிரதிகளை வைத்துக்கொண்டு சிலர் சரிபார்க்க... ஒரு வரியில் ஓர் எழுத்து நிச்சயப்படவில்லையானால், இன்னொரு பிரதி கிடைக்கும் வரை அந்த வரி காத்திருக்கும்.

அந்த இன்னொரு பிரதிக்காகத்தான் ஐயர் ஊர் ஊராக அலைந்தார்.

தாமிரபரணி தேசத்தில்...

சிந்தாமணிக்குப் பிறகு அவர் பதிப்பிக்க எடுத்துக்கொண்டது பத்துப்பாட்டு. முருகப்பெருமானைப் போற்றும் திருமுருகாற்றுப்படையை முதலாவதாகக் கொண்ட பத்து சங்க நூல்களின் தொகுதி அது. கையிலிருந்த பிரதிகளில் குறைகள். திருநெல்வேலிப் பக்கம் பரம்பரைக் கவிராயர் வீடுகள் பல உண்டு, அங்கே கிடைக்கும் என்று கேள்விப்பட்டு, 1888-ல் நெல்லையப்பர் பூமிக்கு வந்தார்.

முதலில் மனம் குளிர்ந்தது. திருநெல்வேலிக் கவிராஜ ஈசுவரமூர்த்திப் பிள்ளையின் வீட்டில், ஏடுகளைப் பூஜை அறை போலப் பராமரித்திருந்தார்கள். தூசி இல்லை. பூச்சி இல்லை. ஒழுங்காகக் கட்டி அடுக்கிய சுவடிகள்! இப்படிக்கூட வைத்திருக்கிறார்களே என்று ஐயர் மெய்ம்மறந்து நின்றார்.

ஆனால் எல்லா வீடும் அப்படியா? நெல்லைச் சீமையில் ஒரு வீட்டில் பழைய சுவடிகள் குவிந்து கிடந்தன என்று அறிந்து கேட்டபோது, அவர் காதில் இடி விழுந்தது. ஏடுகள் வீணாக இடத்தை அடைத்துக்கொண்டிருந்தனவாம். படிப்பாரும் இல்லையாம். தேர் போல அலங்கரித்து ஆடிப் பெருக்கில் விடுவது வழக்கம் என்று பெரியவர்கள் சொன்னார்களாம். அப்படியே ஓர் ஆடிப் பதினெட்டில் வாய்க்காலில் விட்டுவிட்டார்களாம்!

(இந்த இடத்தில் பெரியம்மா, என் முகத்தைப் பார்க்காமல் கட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.)

அதைவிடப் பெரிய இடி, கரிவலம்வந்தநல்லூரில் காத்திருந்தது. சங்கரன்கோவிலுக்கு அருகே பால்வண்ணநாதரும் ஒப்பனையம்மாளும் அருள்பாலிக்கும் திருத்தலம் அது. அங்கே ஆண்ட வரகுணராம பாண்டியர் பெரும் புலவர். நைடதம் பாடிய அதிவீரராம பாண்டியரின் உறவினர். அவர் சேர்த்து வைத்த ஏடுகளெல்லாம் அவர் காலத்துக்குப் பிறகு கோயிலுக்கு வந்து சேர்ந்தன. அரசர் வீட்டுப் புத்தகசாலை என்றால் எவ்வளவு இருந்திருக்கும்! ஆசையோடு போய்க் கோயில் நிர்வாகத்தாரிடம் விசாரித்தார் ஐயர்.

குப்பையாகக் கிடந்த பழைய ஏடுகளைக் கண்ட இடத்தில் போடுவது பாவம் என்று, நெய்யில் தோய்த்து ஹோம குண்டத்தில் ஆகுதியாகப் போட்டுவிட்டோம் என்று பதில் வந்தது. சாஸ்திரமே அப்படித்தான் சொல்கிறதாம்!

ஐயர் துடித்துப்போனார். அதில் எந்தெந்த நூல் இருந்ததோ? எந்தப் புலவரின் ஒரே பிரதி சாம்பலானதோ? பகைவர் யாரும் வந்து கொளுத்தவில்லை. பக்தர்களே, பக்தியோடு, நெய் விட்டு எரித்தார்கள். அதுதான் அவர் நெஞ்சை அதிகமாக அறுத்தது.

சடகோபர் சந்நிதியில்

இப்போது அந்த 1888-ம் வருஷத்துப் பயணத்துக்குத் திரும்புவோம். நெல்லையிலிருந்து தாமிரபரணி பாயும் வழியிலேயே ஆழ்வார்திருநகரிக்கு வந்து சேர்ந்தார் ஐயர். நம்மாழ்வார் அவதரித்த திருக்குருகூர். அந்த ஊர் லட்சுமண கவிராயர், கூடவே வந்து வீடு வீடாக ஏடுகளைக் காட்டினார். கட்டுக் கட்டாகப் பார்த்தார்கள். பத்துப்பாட்டு மட்டும் அகப்படவில்லை!

மனம் சோர்ந்தது. அன்று இரவு, பெருமாளும் நம்மாழ்வாரும் திருவீதிப் புறப்பாடு. ஆழ்வாரின் திருமுகத்தைப் பார்த்ததும் ஐயருக்குத் துக்கம் பொங்கியது. வேதத்தையே தமிழாக்கித் தந்த தெய்வம் தாங்கள். தமிழ் தேடி வந்தவனைத் தங்கள் ஊரிலிருந்து வெறுங்கையோடு அனுப்பலாமா என்று மனமுருகி வேண்டிக்கொண்டார்.

வீதியுலா முடிந்து, உணவும் முடிந்தது. சற்று நேரத்தில் லட்சுமண கவிராயர் வேகமாக வந்தார். கையில் ஒரு கட்டு! தம் மாமனார் வீட்டிலிருந்து எடுத்து வந்ததாகச் சொன்னார். நிலா வெளிச்சத்திலேயே பிரித்துப் பார்த்தார் ஐயர். கண்ணில் பட்ட பெயர் முல்லைப்பாட்டு! பத்துப்பாட்டில் ஐந்தாவதாக வரும் நூல்!

இதைத் தற்செயல் என்று ஐயர் நினைக்கவே இல்லை. ஆழ்வாரின் திருவருள் என்றே கடைசி வரை நம்பினார். 1889-ல் பத்துப்பாட்டு அச்சேறியது.

இங்கே ஓர் ஆச்சரியத்தைக் கவனியுங்கள். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு நாதமுனிகள் குடந்தையில் ஆராவமுதனைப் பற்றிய பதிகத்தைக் கேட்டு, மற்றப் பாசுரங்களைத் தேடித் திருக்குருகூருக்கு வந்தார். மதுரகவியாழ்வாரின் பதிகத்தைப் பன்னீராயிரம் முறை ஜபித்து, நம்மாழ்வார் அருளால் நாலாயிரத்தையும் பெற்றார் என்பது வைணவ வரலாறு. ஐயரும் குடந்தையிலிருந்துதானே வந்தார்? காணாமல் போன தமிழைத் தேடித்தானே வந்தார்? இருவருக்கும் ஏடு எடுத்துக் கொடுத்த கை ஒன்றுதான் போலும்!

மறந்துபோன பாதிச் சடங்கு

ஆற்றில் விட்டவர்களும் ஹோமத்தில் இட்டவர்களும் தப்பான மனிதர்களா? இல்லை. அவர்கள் ஒரு சடங்கின் பாதியை மட்டும் ஞாபகம் வைத்திருந்தார்கள்.

பனை ஓலைக்கு ஆயுள் உண்டு. எவ்வளவு பத்திரமாக வைத்தாலும் சில தலைமுறைகளில் நைந்துபோகும். ஆகவே நம் முன்னோர்கள் பழைய ஏட்டைப் பார்த்துப் புதிய ஏட்டில் படி எடுப்பார்கள். ஒப்பிட்டுச் சரிபார்ப்பார்கள். அதன் பிறகே, உழைத்து ஓய்ந்த பழைய ஏட்டைக் கால் படாமல் நீரிலோ நெருப்பிலோ சேர்ப்பார்கள். பிரதி எடுப்பது முதல் பாதி. ஆற்றில் விடுவது இரண்டாம் பாதி. அச்சுப் புத்தகம் வந்து, ஏடு படிக்கத் தெரிந்தவர்கள் குறைந்ததும், முதல் பாதி மறந்துவிட்டது. இரண்டாம் பாதி மட்டும் சம்பிரதாயமாக நின்றுவிட்டது!

தெய்வங்கள் ஏட்டை அழியவிட்டதாக நம் புராணத்தில் எங்கே இருக்கிறது? தில்லையில் கறையான் மூடிய தேவார ஏடுகளை மீட்க, இராஜராஜ சோழனையும் நம்பியாண்டார் நம்பியையும் அனுப்பினார் இறைவன். திருஞானசம்பந்தர் வைகையில் விட்ட ஏடு எதிரேறித் திருவேடகத்தில் கரை சேர்ந்தது. நாம் விடும் ஏடு எதிரேறாது... நேரே கடலுக்குத்தான் போகும்!

கழுக்குன்றத்தில் முடிந்த யாத்திரை

பத்துப்பாட்டுக்குப் பின் ஐயர் ஓயவில்லை. 1892-ல் சிலப்பதிகாரம், 1894-ல் புறநானூறு, 1898-ல் மணிமேகலை என்று ஒவ்வொன்றாக வெளிச்சத்துக்கு வந்தன. சைவர், வைணவர், ஜைனர், பௌத்தர் என்ற பேதமே அவருக்கு இல்லை. திருவிளையாடல், தலபுராணங்கள், சிற்றிலக்கியங்கள் உட்படத் தொண்ணூறுக்கும் மேற்பட்ட நூல்களை அச்சிட்டார்.

1903-ல் சென்னை மாநிலக் கல்லூரிக்கு மாறினார். திருவல்லிக்கேணியில் வீடு. 1906-ல் மகாமகோபாத்தியாயர் பட்டம் வந்தது. 1925-ல் காஞ்சி சங்கராச்சாரிய சுவாமிகள் தாக்ஷிணாத்ய கலாநிதி என்று ஆசீர்வதித்தார்கள். 1932-ல் சென்னைப் பல்கலைக்கழகம் டாக்டர் பட்டம் அளித்தது. 1940-லிருந்து ஆனந்த விகடனில் தம் வாழ்க்கையை என் சரித்திரம் என்று எழுதி வந்தார்.

உலக யுத்த பயத்தால் சென்னையே காலியான 1942-ல், திருக்கழுக்குன்றத்துக்குக் குடிபெயர்ந்தார். வேதகிரீசுவரர் மலையடிவாரத்தில், அந்த ஆண்டு ஏப்ரல் 28-ந் தேதி, 87 வயதில் இறைவனடி சேர்ந்தார். என் சரித்திரம் பாதியில் நின்றது.

அவர் சேர்த்த ஏடுகள்? அவற்றுக்கும் ஆறோ அடுப்போ வாய்த்துவிடவில்லை. கலாக்ஷேத்ராவை நிறுவிய ருக்மிணிதேவி அருண்டேலின் முயற்சியால், 1943-ல் டாக்டர் உ.வே.சாமிநாதையர் நூல் நிலையம் உருவானது. சென்னை பெசன்ட் நகரில் உள்ள அந்த நூலகத்தில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஓலைச்சுவடிகள் இருக்கின்றன. திருவல்லிக்கேணியில் அவர் வாழ்ந்த வீடு 2012-ல் இடிக்கப்பட்டுவிட்டது. வீடு போனாலும் ஏடு நிலைத்தது!

இப்படிப்பட்ட சுவடி நூலகங்களின் வாசிப்பு அறைக்குள் போனால், கருவறை முன்னால் நிற்பது போன்ற அமைதி. கையைக் கழுவி, ஈரம் போகத் துடைத்துக்கொள்ள வேண்டும். பேனாவுக்கு அனுமதி இல்லை, பென்சில் மட்டும்தான். சாப்பாடு, தண்ணீர் எதுவும் கிட்டே வரக் கூடாது. சுவடியை மேஜை மேல் விரித்த துணியில் வைத்து, ஓலையின் இரு ஓரங்களையும் பிடித்துத் திருப்ப வேண்டும். எச்சில் தொட்டுப் புரட்டினால் அபசாரம்! காய்ந்த ஓலைக்கு எலுமிச்சைப்புல் எண்ணெய் பூசி, அதை மறுபடி வளையும்படி செய்கிறார்கள் பணியாளர்கள். இன்று படம் பிடித்துக் கணினியிலும் சேமிக்கிறார்கள். யோசித்துப் பாருங்கள்... படி எடுத்து வைக்கும் அந்தப் பழைய முதல் பாதிச் சடங்குதானே இது!

பெரியம்மா என்ன செய்தார்?

ஆடிப் பதினெட்டு வந்தது. பெரியம்மா காப்பரிசியும் சித்திரான்னமும் செய்து, காதோலை கருகமணியோடு தாமிரபரணித் தாயை வணங்கிவிட்டு வந்தார். ஏட்டுக்கட்டு ஆற்றுக்குப் போகவில்லை. புதிய பருத்தித் துணி சுற்றி, மர அலமாரியில் இருக்கிறது. ஏடு படிக்கத் தெரிந்தவர்களிடம் காட்டப் போகிறோம். அது தலபுராணமாக இருக்கலாம், வைத்தியமாக இருக்கலாம், வெறும் வரவு செலவுக் கணக்காகவும் இருக்கலாம். என்னவானாலும், படிக்காமல் வழியனுப்புவதில்லை என்று பெரியம்மா சொல்லிவிட்டார்.

உங்கள் வீட்டுப் பரணிலும் ஒரு கட்டு இருக்கலாம். ஒருமுறை பார்த்துவிடுங்கள், சகோதரிகளே! உங்கள் கையிலிருந்துகூட ஆழ்வார் யாருக்காவது ஏடு கொடுக்க நினைத்திருக்கலாம்.

வீட்டில் ஏட்டுச் சுவடி இருந்தால்...

* சரஸ்வதி பூஜையில் தாராளமாக வையுங்கள். ஆனால் சந்தனம், குங்குமம், பூ, அட்சதையை ஓலை மேல் இடாமல், பக்கத்தில் உள்ள பலகைக்கு இடுங்கள். தீர்த்தம் தெளிக்க வேண்டாம். ஈரமே ஏட்டுக்கு முதல் எதிரி.

* ஈரத் துணியால் துடைக்காதீர்கள். தேங்காய் எண்ணெய், நல்லெண்ணெய் தடவாதீர்கள். கடும் வெயிலில் காய வைக்காதீர்கள். மென்மையான தூரிகையால் மேல் தூசியை மட்டும் தட்டலாம்.

* ஒட்டிய ஓலைகளைப் பிரிக்க வேண்டாம். கயிறு அறுந்திருந்தால், ஓலைகளின் வரிசையை மாற்றாமல் அப்படியே துணியில் கட்டி வையுங்கள்.

* சென்னை உ.வே.சா. நூல் நிலையம், சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகம், தஞ்சை சரஸ்வதி மகால், தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் ஆகிய இடங்களில் சுவடி அறிந்தவர்களைக் கலந்து ஆலோசிக்கலாம்.

ஆழ்வார்திருநகரி: திருநெல்வேலி - திருச்செந்தூர் சாலையில், ஸ்ரீவைகுண்டத்தை அடுத்து உள்ளது. ரயில் நிலையமும் உண்டு. நவதிருப்பதிகளில் குரு தலம். மூலவர் ஆதிநாதர், உற்சவர் பொலிந்துநின்றபிரான். நம்மாழ்வார் யோகத்தில் அமர்ந்த உறங்காப்புளியைத் தரிசிக்க மறக்காதீர்கள். படிக்கும் குழந்தைகளை அழைத்துச் சென்று, தமிழ்த் தாத்தாவின் கதையைச் சொல்லி, அந்தச் சந்நிதியில் வணங்கச் செய்யுங்கள். கல்வி வளம் பெருகும்!